ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பக்கம் போயே ஒரு வருஷம் ஆச்சு. உங்களுக்கும் அப்படித்தானா?

பிரிவு: பொது அரட்டை

அரைப்புள்ளி (இழையைத் தொடங்கியவர்)
சனி, இரவு 10.20

பழைய லேப்டாப் உயிரை விட்டது. புதுசு வாங்கியதும் எல்லாத் தளத்துக்கும் ஒவ்வொன்றாக லாகின் பண்ணினேன். மெயில், பேங்க், கிட்ஹப், ஐஆர்சிடிசி, கரண்ட் பில் கட்டுகிற தளம் வரைக்கும். ப்ரோக்ராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் எழுதிக்கொள்கிற ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை விட்டுவிட்டேன். விட்டது தெரியவே இல்லை. மூன்று மாசம் கழித்து ஏதோ தேடப் போய் அந்தப் பக்கம் திறந்தபோது மேலே 'சைன் அப்' என்று கேட்டது. பதினாலு வருஷமாகப் போய்வந்த வீட்டு வாசலில் நிற்கவைத்து "யாருங்க, யாரு வேணும்?" என்று கேட்ட மாதிரி இருந்தது.

சரி, அதுகூடப் பரவாயில்லை. அப்போதும் லாகின் பண்ணத் தோன்றவில்லை. வேண்டியதைப் படித்துவிட்டு டேபை மூடிவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் அப்படியேதான்.

2010-ல் சேர்ந்தேன். முதல் வேலை, தரமணி, நைட் ஷிஃப்ட். வேலை மூன்றரைக்கு முடியும், கேப் நாலரைக்குத்தான் வரும். அந்த ஒரு மணி நேரத்தில் பதில் எழுதப் பழகினேன். என் ஆங்கிலம் அப்போது நொண்டும். ஆனால் அங்கே ஒரு ஏற்பாடு உண்டு. மற்றவர்கள் போடுகிற ஓட்டால் சேருகிற புள்ளி, அதாவது ரெப், 2000 தாண்டிய யாரும் அடுத்தவர் பதிலில் நேரடியாகக் கைவைத்துத் திருத்தலாம். நான் காலங்களைக் குழப்பி எழுதியதை எந்த ஊரிலோ உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் சத்தமில்லாமல் சரிபண்ணிவிட்டுப் போயிருப்பார். கேலி கிடையாது, அறிவுரை கிடையாது. எடிட் ஹிஸ்டரியைத் திறந்தால்தான் தெரியும், பழையது சிவப்பில், திருத்தியது பச்சையில். நான் ஒழுங்காக இங்கிலீஷ் எழுதக் கற்றது அந்தச் சிவப்பிலும் பச்சையிலும்தான். எனக்கு 2000 வந்த அன்று முதல் வேலையாக இன்னொருத்தருடைய நொண்டி இங்கிலீஷைத் திருத்தினேன்.

எனக்கு அதிகம் ஓட்டு வாங்கித்தந்த பதில் தமிழைப் பற்றியது. பைத்தான் என்ற நிரல் மொழியில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஏன் ஐந்து என்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்காக எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோடுக்கு த, ம, ி, ழ, ் என்று ஐந்து. திருப்பிப் போட்டால் இன்னும் கூத்து: புள்ளி தனியாக முன்னால் வந்து வெறும் வட்டத்தின் தலையில் உட்காரும், 'மி'யின் விசிறி கழன்று ழகரத்தில் ஒட்டிக்கொள்ளும், 'ழிமத' என்று ஏதோ மருந்துப் பெயர் மாதிரி ஒன்று வரும். அந்தப் பதிலுக்கு இரண்டு ராத்திரி ஆனது.

பிறகு என்ன ஆச்சு? என்னை யாரும் விரட்டவில்லை, என் பதிலை யாரும் அழிக்கவில்லை. சண்டையே இல்லை. ஆனால் 2019-க்குப் பிறகு தளத்தை நடத்துகிற கம்பெனியில் நிர்வாகம் மாறி ஒவ்வொரு அறிவிப்பாக வர வர, பிழையான பதிலைப் பார்த்தால் திருத்தணும் என்று பரபரக்கிற கை மெல்ல அடங்கிப்போச்சு. வாடகை வீட்டில் ஒரு ஆணி அடிக்கக்கூட யோசிப்போமே, ஹவுஸ் ஓனர் என்ன சொல்வாரோ என்று, அந்த மாதிரி. இத்தனைக்கும் அந்த வீடு முதல் நாளிலிருந்தே வாடகை வீடுதான். எனக்குத்தான் அது ரொம்ப வருஷம் உறைக்கவில்லை.

உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

பைத்தான்பாலு
சனி, இரவு 10.41

ப்ரோ, இதுக்கு ஏன் இவ்ளோ ஃபீலிங்? சாட்ஜிபிடி வந்துச்சு, கதை முடிஞ்சுது. நான் கடைசியா அங்க கேள்வி கேட்டது எப்போன்னே ஞாபகம் இல்ல. டூப்ளிகேட், இனி யாரும் பதில் போடக்கூடாதுன்னு மூடிடுவாங்களோன்னு பயந்து பயந்து கேக்கறதுக்கு, திட்டாம பதில் சொல்ற மெஷின் எவ்வளவோ தேவலாம். மேனேஜ்மென்ட் மாறுனதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

அரைப்புள்ளி
சனி, இரவு 11.05

பாலு, பாதி சரி. கேள்வி கேட்க வருகிறவர்கள் போனதற்கு மெஷின் பெரிய காரணம். ஆனால் அங்கே கேள்விகள் குறைய ஆரம்பித்தது அதற்கு முன்பே. நான் பேசுவது பதில் எழுதியவர்களைப் பற்றி. எங்களுக்கு மெஷினால் ஒரு நஷ்டமும் இல்லையே. சொல்லப்போனால் சாட்ஜிபிடி வந்து ஒரு வாரத்துக்குள், 2022 டிசம்பர் தொடக்கத்தில், அதில் எழுதிய பதில்களை இங்கே ஒட்டக்கூடாது என்று தடை போட்டது அங்கே ஒழுங்கைக் கவனிக்கிற மாடரேட்டர்கள்தான். பார்க்கச் சரி போலிருக்கும், உள்ளே தப்பு, வண்டி வண்டியாக வந்து விழுந்தால் யார் சரிபார்ப்பது என்றார்கள். அன்றைக்கு எனக்கு உற்சாகமாகவே இருந்தது, நம்ம ஆட்கள் விழித்திருக்கிறார்கள் என்று.

ஆறு மாசம் கழித்து, 2023 மே கடைசியில், கம்பெனி அந்த மாடரேட்டர்களிடம் 'ஏஐ எழுதியது என்ற சந்தேகத்தில் பதிலை நீக்குவதையும் ஆளை நிறுத்திவைப்பதையும் பெரும்பாலும் விட்டுவிடுங்கள்' என்றது. சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவர்கள். ஜூன் 5-ம் தேதி வேலைநிறுத்தம். சம்பளமே இல்லாத வேலையில் வேலைநிறுத்தம் என்பதை முதல்முறை அப்போதுதான் பார்த்தேன். ஆகஸ்டில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள்.

சமாதானம் ஆன செய்தியைப் படித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. நான் பயந்தது அந்த 'ஒன்றும் தோன்றவில்லை'க்குத்தான்.

பழையமோடம்
ஞாயிறு, காலை 6.15

தம்பி அரைப்புள்ளி, உங்கள் வீடாவது இன்னும் நிற்கிறது. நான் இருந்த வீடுகளில் பாதி இடிபட்டாயிற்று.

மரத்தடி, ராயர் காப்பி கிளப் எல்லாம் யாஹூ குழுமங்கள். யூனிகோடு பரவுவதற்கு முந்தைய திஸ்கி என்ற குறியீட்டில் தட்டி அனுப்புவோம், எதிராளிக்கு எழுத்துரு இல்லையென்றால் பூச்சி பூச்சியாகத் தெரியும். ஒரு வெண்பாவுக்குத் தளை தட்டுகிறது என்று மூன்று நாள் சண்டை போட்டிருக்கிறோம். யாஹூவில் தலைமை எத்தனை முறை மாறியது என்று எண்ணக்கூட முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரு வசதி போகும், பக்கத்தின் முகம் மாறும். கடைசியில் 2019 அக்டோபரில் 'பழைய மடல்களை எல்லாம் அழிக்கப்போகிறோம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். 2020 டிசம்பரில் முழுவதுமாகப் பூட்டு. அதற்குள் நம்மில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறோம், எத்தனை பேருக்குப் பழைய மெயில் ஐடி ஞாபகம் இருக்கிறது? நான் எழுதியதில் கொஞ்சத்தை மகன் தரவிறக்கிக் கொடுத்தான். திஸ்கியில் இருப்பதால் திறந்தால் மறுபடியும் பூச்சி. மாற்றி வைக்க வேண்டும், வைக்கிறேன் வைக்கிறேன் என்று நாலு வருஷம் போய்விட்டது.

இன்னொன்று. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஏன் அவ்வளவு பிடித்துப்போனது என்பதற்கு அதற்கு முந்தைய காலத்தைப் பார்த்திருக்க வேண்டும். எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு தளம். கூகுளில் தேடினால் அதுதான் முதலில் வரும். உள்ளே போனால் பணம் கட்டு என்று மறைத்துவைத்திருப்பான். பக்கத்தை அடிவரைக்கும் உருட்டினால் பதில் கீழே கிடக்கும், அது ஒரு ரகசியம், ஆபீசில் புதுசாக வருகிற பையன்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்போம். அந்தக் கடுப்பில் இருந்த உலகத்துக்குத்தான் 2008 செப்டம்பரில் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் ஜெஃப் அட்வுட்டும் கதவே இல்லாத வீட்டைத் திறந்துவிட்டார்கள். பெயரைக்கூட அட்வுட் தன் வலைப்பதிவு வாசகர்களிடம் ஓட்டெடுத்துத்தான் வைத்தார். அப்படித் தொடங்கியதை யார்தான் நம்முடையது என்று நினைக்க மாட்டார்கள்?

கணக்கன்
ஞாயிறு, காலை 9.30

எல்லாரும் ஒப்பாரி வைக்கிறதால ஒருத்தனாவது எதிர்த்துப் பேசணும்ல.

2010-லயே யூனியன் ஸ்கொயர் வென்ச்சர்ஸ் 60 லட்சம் டாலர் போட்டாச்சு. துணிகர முதலீடு வாங்குன கம்பெனி ஒருநாள் விற்கும், இல்ல பங்குச் சந்தைக்குப் போகும். மூணாவது வழி மூடுறதுதான். அட்வுட் 2012-லயே கிளம்பிட்டார். ஸ்போல்ஸ்கி 2019-ல சிஇஓ நாற்காலியை விட்டார், பிரசாந்த் சந்திரசேகர் வந்தார். 2021 ஜூன்ல புரோசஸ்னு ஒரு முதலீட்டு கம்பெனி 180 கோடி டாலருக்கு வாங்குச்சு. நம்ம ஸ்விக்கியில பெரிய பங்கு வச்சிருந்த அதே புரோசஸ்தான். இதுல ஏமாத்து எங்க இருக்கு? எல்லாம் ஊரறிய நடந்தது.

நீங்க அதை சத்திரம்னு நினைச்சு சாப்பிட்டீங்க. அது ஹோட்டல். பில் உங்க மேசைக்கு வரல, விளம்பரக்காரன் கட்டினான், வேலைக்கு ஆள் தேடுற கம்பெனி கட்டுச்சு. இப்ப அந்த வருமானம் குறைஞ்சுபோச்சு, 2023 அக்டோபர்ல 28 சதவீதம் ஆட்களை வீட்டுக்கு அனுப்புனாங்க. கூகுள்கிட்டயும் ஓப்பன்ஏஐகிட்டயும் டேட்டாவுக்கு ஒப்பந்தம் போடாம வேற என்ன பண்ணுவான்? சர்வர் கரண்ட் பில் உங்க பாசத்துல ஓடாது.

அரைப்புள்ளி
ஞாயிறு, காலை 10.02

கணக்கன் சார், ஒரு வரிகூட மறுக்க முடியாது. ஒரே ஒரு திருத்தம். ஹோட்டலில் சாப்பிட்டேன் என்கிறீர்கள். நாங்கள் சாப்பிட வந்தவர்கள் மட்டுமா? சமைத்ததும் பரிமாறியதும் இலை எடுத்ததும் நாங்கள்தான். கல்லாவில் மட்டும் அவர்கள். அதுவும் பரவாயில்லை என்றுதான் பத்து வருஷம் இருந்தோம், ஏன் என்றால் கல்லாவில் இருந்தவரும் நடு நடுவே எழுந்து வந்து இலை எடுத்தார். அட்வுட் காலத்தில், தளத்தின் நடப்பைப் பற்றிப் பேசுகிற 'மெட்டா' என்ற பகுதியில் ஒரு குறை எழுதினால் அவரே வந்து வாதாடுவார். நம்மைத் திட்டுவார், நாமும் திட்டுவோம். அது முடிவது நாம் சொன்னபடி இருக்காது. ஆனால் பேசியாச்சு.

2019 செப்டம்பரில் எங்கள் பதில்களை யாரும் எடுத்துப் பயன்படுத்த விடுகிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை 3.0-லிருந்து 4.0-க்கு மாற்றினார்கள். எழுதியவர்களைக் கேட்காமலே, பழைய பதில்களுக்கும் சேர்த்து. உரிமத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, கேட்டிருந்தால் பாதிப் பேர் சரி என்றுதான் சொல்லியிருப்போம். அதே மாசக் கடைசியில் ஒரு மாடரேட்டரைப் பதவிநீக்கம் செய்தார்கள், வேறு சிலர் தாங்களாகவே விலகினார்கள், பிறகு கம்பெனி மன்னிப்பும் கேட்டது. நவம்பரில் கேள்விக்கு விழுகிற ஒவ்வொரு அப்வோட்டுக்குமான புள்ளியை 5-லிருந்து 10 ஆக்கினார்கள், பழையதுக்கும் சேர்த்து. ஒரே ராத்திரியில் என் ரெப் ஏறிப்போச்சு. கல்யாண வீட்டில் தாம்பூலப் பை இரண்டாகக் கொடுத்த மாதிரி. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

கைமணம்
ஞாயிறு, பிற்பகல் 2.45

எனக்கு உங்க ப்ரோக்ராம் சமாச்சாரம் எதுவும் தெரியாதுங்க. தலைப்பைப் பார்த்து உள்ள வந்தேன். படிச்சா என் கதை மாதிரியே இருக்குது.

நான் பெண்கள் தளம் ஒண்ணுல ஒன்பது வருசம் எழுதுனேன். பேரு வேண்டாங்க, இப்ப அது வேற கைக்குப் போயிருச்சு. சமையல், பிள்ளை வளர்ப்பு, கொஞ்சம் அழுகை, நிறைய அரட்டை. கோயமுத்தூர்ல இருந்து கல்யாணமாகி குஜராத் போன புதுசு, பாஷை தெரியாது, பேச ஆள் இல்லை. அரிசிம்பருப்புச் சாதம் எப்படிச் செய்யறதுன்னு ஒருத்தி துபாய்ல இருந்து கேட்டா. அளவு சொல்லத் தெரியல, எங்கம்மா உழக்குல அளந்துதான் எனக்குத் தெரியும். டம்ளர்ல மாத்தி, மூணு நாள் செஞ்சு பார்த்து எழுதுனேன். ஒண்ணரை டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு, பூண்டு தோலோட தட்டிப் போடோணும்னு. அதுக்குக் கீழ நூத்துச் சொச்சம் பேர் செஞ்சுட்டு வந்து எழுதியிருந்தாங்க. ஒருத்தி குக்கர்ல எத்தனை விசில்னு கேட்டா, இன்னொருத்தி எனக்கு முந்திப் பதில் சொன்னா. அந்தப் பக்கத்துக்குள்ள போனா ஒரு கூட்டம் சேர்ந்து அடுப்படியில நிக்கற மாதிரி இருக்கும்.

தளத்தை ஆரம்பிச்ச அம்மா உடம்பு முடியாம வித்துட்டாங்க. அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. வாங்குனவங்க முதல்ல பக்கத்தை அழகு பண்ணுனாங்க. அப்புறம் பின்னூட்டம் எல்லாத்தையும் எடுத்துட்டாங்க, 'பக்கம் சீக்கிரம் திறக்கும்'னு சொன்னாங்க. அப்புறம் ஒருநாள் பார்த்தா என் குறிப்பு அப்படியே இருக்குது, கீழ 'ஆசிரியர் குழு'ன்னு போட்டிருக்குது. பூண்டு தோலோடங்கறது மட்டும் இல்லை. யாரோ திருத்தி 'பூண்டு பேஸ்ட் 1 ஸ்பூன்'னு மாத்திட்டாங்க.

பேரு போனதுக்குக் கூட அழுகலீங்க. பேஸ்ட்டுன்னு போட்டதுக்கு அழுதேன்.

பழையமோடம்
ஞாயிறு, பிற்பகல் 3.10

அம்மா, அந்தக் குறிப்பை இங்கே ஒருமுறை முழுதாக எழுதிவிடுங்கள். உரிமை யாருக்கு என்பதெல்லாம் பிறகு. பூண்டு தோலோடு இருக்கட்டும்.

வடலி
ஞாயிறு, இரவு 8.20

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இஞ்சை எல்லாரும் மனசைப் பற்றிக் கதைக்கிறியள், ஒருத்தரும் டேட்டா டம்ப் பற்றிக் கதைக்கேல்லை. எனக்கு விட்டுப்போனது அந்த இடத்திலதான்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில கன காலமா ஒரு வழமை இருந்தது. முழுக் கேள்வி பதிலையும் ஒரு பொதியாக்கி இன்டர்நெட் ஆர்க்கைவ் எண்ட பொதுச் சேமிப்புத் தளத்தில போடுவினம். ஆரும் எடுக்கலாம். 'நாங்கள் நாளைக்கு கெட்டுப்போனால் நீங்கள் இதை எடுத்துக்கொண்டு வேறை இடத்தில கடை போடுங்கோ' எண்டதுதான் அதின்ர அர்த்தம். கணக்கன் அண்ணை சொல்லுற ஹோட்டலுக்கும் இதுக்கும் வித்தியாசம் அதுதான். எந்த ஹோட்டல்காரன் கிரைண்டரையும் சட்டியையும் 'வேணுமெண்டால் கொண்டுபோ' எண்டு வாசலில வைச்சிருக்கிறான்?

2023 ஜூனில அந்தப் பொதி வரேல்லை. தவறினதெண்டு நினைச்சம். கம்பெனி தானாத்தான் நிப்பாட்டினது எண்டு பிறகு தெரிஞ்சது. சத்தம் போட்டபடியால் திருப்பிப் போட்டினம். 2024-ல ஆர்க்கைவில போடுறதை விட்டிட்டு, தங்கட தளத்தில லாகின் பண்ணி, நிபந்தனைக்கு ஓமெண்டு சொல்லி எடுக்கவேணும் எண்டு மாத்திச்சினம். ஏஐ கம்பனிகள் சும்மா அள்ளுதெண்டு காரணம் சொன்னவை. அதே வருசம் மே மாதம் ஓப்பன்ஏஐயோட ஒப்பந்தம். அப்ப சில பேர் கோவத்தில தங்கட பதிலை அழிச்சவை. அதுகளை மீட்டுப் போட்டிட்டு, அழிச்சவையைக் கொஞ்ச நாளுக்கு நிறுத்தி வைச்சது தளம்.

சட்டப்படி பிழை சொல்லேலாது. நாங்கள் எழுதேக்கையே திருப்பி எடுக்கேலாத உரிமம் குடுத்தாச்சு. நானும் அழிக்கிறதுக்கு எதிர்தான், அதை நம்பி ஆரோ ஒருத்தர் ராத்திரி ரெண்டு மணிக்குத் தேடி வருவார். ஆனால் ஒண்டு யோசிச்சுப் பாருங்கோ. அதே உரிமம்தான் எங்களுக்கும் வெளியால போக வழி வைச்சது. தன்ர பக்கக் கதவைத் திறந்தபடி வைச்சு, எங்கட பக்கக் கதவுக்கு மட்டும் கொண்டி போட்டால் அது என்ன கணக்கு?

கணக்கன்
ஞாயிறு, இரவு 8.55

வடலி, கதவு திறந்தே இருந்தப்பவும் யாரும் போகலையே? 2019 சண்டைக்குப் பிறகு கோடிடாக்ட்னு லாப நோக்கமில்லாத தளம் ஆரம்பிச்சாங்க. நல்ல மனுஷங்க. எத்தனை பேர் போனீங்க? நான் கேக்கறது இந்த இழையில இருக்கறவங்களை.

வடலி
ஞாயிறு, இரவு 9.30

நான் போனன். ரெண்டு மாதம். கேள்வி வரேல்லை, திரும்பி வந்திட்டன். அது உண்மை.

ஆனால் கொண்டுபோய் வென்ற கதையும் இருக்கு. விக்கிட்ராவல் எண்ட பயண வழிகாட்டியை 2006-ல இன்டர்நெட் பிராண்ட்ஸ் எண்ட கம்பெனி வாங்கினது. அந்த வருசமே ஜெர்மன் மொழிக்காரர் எழுத்தைத் தூக்கிக்கொண்டு போய் விக்கிவாயேஜ் தொடங்கிச்சினம், அடுத்த வருசம் இத்தாலிய மொழிக்காரரும் சேர்ந்தினம். 2012-ல ஆங்கிலக்காரரும் கிளம்ப, கம்பெனி ரெண்டு தன்னார்வலர் மேல வழக்குப் போட்டது. அவை பயப்பிடேல்லை. 2013 ஜனவரியில விக்கிபீடியாவை நடத்துற விக்கிமீடியாவுக்குக் கீழ விக்கிவாயேஜ் முறையாத் தொடங்கினது, இண்டைக்கும் ஓடுது.

2021-ல ஃப்ரீநோட் எண்ட அரட்டைத் தளத்திலயும் இதுதான் நடந்தது. நிர்வாகம் கை மாறினதெண்டவுடன் அதை நடத்தின தொண்டர்கள் ஒரே நாளில விலகி லிபரா சாட் தொடங்கிச்சினம். சில கிழமைக்குள்ள கன மென்பொருள் திட்டங்கள் அங்கால மாறிட்டுது. அது அரட்டை, தூக்கிக்கொண்டு போகச் சாமான் இல்லை. ஆக்கள் போனால் காணும். எங்கட கேஸில சாமான் கனம். அதோட கூகுளில தேடினால் பழைய வீட்டுக்குத்தான் வழி காட்டும்.

பைத்தான்பாலு
ஞாயிறு, இரவு 10.12

நேத்து நான் எழுதுனதைத் திருப்பிப் படிச்சேன், கொஞ்சம் ஓவராப் பேசிட்டேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். புதுசா வர்றவங்களுக்கு அந்த வீடு எப்பவுமே அவ்வளவு இனிப்பா இருந்ததில்ல அண்ணா. 2018-ல கம்பெனியே வலைப்பதிவு எழுதி, நம்ம தளம் வரவேற்கிற மாதிரி இல்லன்னு ஒத்துக்கிச்சு. அப்ப மெட்டாவுல பழைய ஆளுங்க எவ்வளவு கோவப்பட்டாங்கன்னு பாருங்க. உங்களுக்கு அது நீங்க கட்டின வீடு. எங்களுக்கு அது பெரியவங்க திண்ணையில உக்காந்திருக்கற வீடு, செருப்பைக் கழட்டி வைச்சுட்டு தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போகணும். அதுவும் இங்கிலீஷ்ல. ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், ரஷ்யன், ஜாப்பனீஸ் நாலுக்கும் தனித்தளம் வந்துச்சு. தமிழ்ல கேக்க எங்கேயும் இடமில்ல.

மேனேஜ்மென்ட் மாறாம இருந்திருந்தா நாங்க உள்ள வந்திருப்போமா? சந்தேகம்தான்.

அரைப்புள்ளி
ஞாயிறு, இரவு 11.40

பாலு, இதை எழுதியதற்கு நன்றி. இரண்டு முறை பதில் தட்டி அழித்துவிட்டேன்.

3000 ரெப் வந்தால் கேள்வியை மூட ஓட்டுப் போடலாம். நான் நிறையப் போட்டிருக்கிறேன். கேப்புக்குக் காத்திருந்த அதே ஒரு மணி நேரத்தில், வரிசையில் வருகிற கேள்விகளை மளமளவென்று மூடுவேன். அதில் எத்தனை, என்னை மாதிரி நொண்டி இங்கிலீஷில் முதல் கேள்வி கேட்ட பையனுடையது என்று எண்ணிப் பார்த்ததில்லை. 10000 தாண்டினால் நீக்கிய பதிவுகளைப் பார்க்கலாம். சாவி கையில் கிடைத்த மாதிரி அன்றைக்கு ஒரு பெருமை. அந்தச் சாவியால் திறந்து, நான் மூடிப் பிறகு நீக்கப்பட்டுப்போன கேள்விகளை ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை.

அதனால் 'முன்னாடி எல்லாம் நன்றாக இருந்தது, இவர்கள் வந்து கெடுத்தார்கள்' என்று நான் சொல்ல முடியாது. இருந்தாலும் ஒன்று சொல்வேன். அன்றைக்கு நான் செய்தது தப்பு என்றால் மெட்டாவில் ஒருத்தர் வந்து என் சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடித்திருக்கிறார்கள். ஒரு பதிலை அவசரப்பட்டு நீக்க ஓட்டுப் போட்டதற்கு ஒரு பின்லாந்துக்காரர் என்னை அரைப் பக்கத்துக்கு வறுத்தெடுத்தார், நானும் மாற்றிக்கொண்டேன். 180 கோடி டாலருடைய சட்டையை எங்கே போய்ப் பிடிக்க?

ஈசல்
திங்கள், காலை 7.05

வணக்கம். இங்கே புதுசு. திருநெல்வேலி, இரண்டாம் வருஷம் பி.இ. படிக்கிறேன். எனக்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கணக்கே கிடையாது, படிக்கிறதோடு சரி.

அரைப்புள்ளி அண்ணா, 'தமிழ்' என்றால் ஏன் ஐந்து என்ற பதில் உங்களுடையதா? போன மாசம் அதை வைத்துத்தான் மினி ப்ராஜெக்ட் ஆரம்பித்தேன். தமிழ்க் குறுக்கெழுத்து. ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து வரணும். நீங்கள் சொன்ன மாதிரி சொல்லுக்குள் வடிவம் தேடுகிற ரீஜெக்ஸ் மாட்யூலில், ஒரு எழுத்தையும் அதன் குறியையும் சேர்த்துப் பிடிக்கிற பேக்ஸ்லாஷ் எக்ஸ் போட்டுப் பிரித்தேன். த, மி, ழ் என்று மூன்று கட்டம் அழகாக வந்தது. ஆனால் 'லக்ஷ்மி' போட்டால் நாலு கட்டம் வருகிறது. ல, க், ஷ், மி. பாட்டி பார்த்துவிட்டு "க்ஷ் ஒரே எழுத்துல்லா"ன்னு சொல்றாங்க. மெஷினிடம் கேட்டேன், அதுவும் உங்கள் பதிலையேதான் வேறு வார்த்தையில் சொல்கிறது, நாலு கட்டத்தோடு.

இந்த இழையில் கேட்கலாமா தெரியவில்லை. தப்பென்றால் நீக்கிவிடுகிறேன்.

அரைப்புள்ளி
திங்கள், காலை 8.50

நீக்காதே தம்பி. (தங்கையா? மன்னிக்கவும்.) அது என் பதில்தான். பாட்டி சொல்வது சரி, நான் எழுதியதில் அந்த ஓட்டை இருக்கிறது.

யூனிகோடின் பொது விதிப்படி பேக்ஸ்லாஷ் எக்ஸ் புள்ளியோடு நிறுத்திவிடும். அதற்கு க் ஒன்று, ஷ் ஒன்று. க்ஷ சேர்ந்து ஒரே எழுத்து என்பது நம் வழக்கம், அதை நாம்தான் சொல்லிக்கொடுக்கணும். இங்கே ப்ரோக்ராம் கோடு ஒட்டினால் இந்தத் தளம் குதறிவிடும், அதனால் வாயால் சொல்கிறேன். உன் பேட்டர்னில் முதலில் 'க்ஷ' வை. அதன் பின்னால் சதுர அடைப்புக்குள் கால் முதல் புள்ளி வரைக்கும் உள்ள குறிகளில் ஒன்று, வந்தாலும் வரலாம் என்று கேள்விக்குறி. பிறகு 'அல்லது' என்பதற்கான நிமிர்ந்த கோடு போட்டு, அதன் பின்னால் பழைய பேக்ஸ்லாஷ் எக்ஸ். வரிசை முக்கியம், க்ஷ முன்னால் இருக்கணும். லக்ஷ்மிக்கு மூன்று கட்டம் வரும்.

ஈசல்
திங்கள், காலை 9.20

வந்துட்டு அண்ணா! ல, க்ஷ், மி. பாட்டிகிட்ட காட்டினேன். (தங்கைதான்.)

வடலி
திங்கள், காலை 10.05

அரைப்புள்ளி, ஒரு சின்னத் திருத்தம். பிள்ளை பழைய கோப்பில இருந்து சொல் எடுத்தால் ஒகர ஓகாரம் ரெண்டு குறியாப் பிரிஞ்சு வரும், முன்னுக்குக் கொம்பு ஒண்டு, பின்னுக்குக் கால் ஒண்டு. உங்கட கேள்விக்குறி ஒண்டை மட்டும்தான் பிடிக்கும், 'க்ஷோ'வில கால் அநாதையாத் தனிக் கட்டத்தில போய் நிக்கும். பிரிக்க முந்தி என்எஃப்சி எண்ட யூனிகோட் ஒழுங்காக்கலைப் பண்ணச் சொல்லுங்கோ, ரெண்டும் ஒண்டாச் சேர்ந்திடும்.

அரைப்புள்ளி
திங்கள், காலை 10.11

ஆமாம். விட்டுப்போச்சு. ஈசல், வடலி சொன்னதை முதல் வரியாகப் போட்டுக்கொள்.

பைத்தான்பாலு
திங்கள், காலை 10.30

இதை அங்கேயும் போய் அப்டேட் பண்ணிடுங்க அண்ணா. அடுத்து தேடி வர்றவனுக்கு ஆகும்ல.

அரைப்புள்ளி
திங்கள், காலை 10.34

பாஸ்வேர்ட் எங்கே எழுதிவைத்தேன் என்று தேடணும். பார்க்கிறேன்.

பழையமோடம்
திங்கள், காலை 11.15

எல்லாம் சரி, ஸ்ரீயை விட்டுவிட்டீர்களே. 'ஸ்ரீரங்கம்' எத்தனை கட்டம்? அதுவும் ஸகரத்தில் எழுதுவது ஒன்று, ஶகரத்தில் எழுதுவது ஒன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், உள்ளே எண் வேறு.

ஈசல்
திங்கள், காலை 11.18

ஐயோ.